வெளிச்சத்துக்குக் கட்டிய மாளிகைகளில் இருட்டைத் தேடும் துணிகள்

ஆடைகளுக்கும் வடிவமைப்புப் பொருள்களுக்குமான அருங்காட்சியகம் ஒன்றுக்குள் முதன்முறையாக நுழைபவர் பெரும்பாலும் இரண்டு குறைகளோடு வெளியே வருவார். உள்ளே போதிய வெளிச்சம் இல்லை என்பது ஒன்று. படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வந்த உடை காட்சியில் இல்லை என்பது மற்றொன்று. அருங்காட்சியகம் ஒரு பழைய அரண்மனையிலோ, மருத்துவமனையிலோ, வங்கிக் கட்டடத்திலோ அமைந்திருந்தால் மூன்றாவதாக ஒரு குறையும் சேர்ந்துகொள்ளும்: இவ்வளவு அழகிய சன்னல்களை ஏன் திரையிட்டு மறைத்துவைத்திருக்கிறார்கள்? மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். கட்டடமும் துணியும் எதிரெதிரான தேவைகள் கொண்டவை. பெருமைக்குரிய பழைய கட்டடங்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை உள்ளே வரவழைக்கவே கட்டப்பட்டன. துணியோ, பிழைத்திருக்க வேண்டுமானால், தன் ஆயுளின் பெரும்பகுதியை இருட்டில் கழித்தாக வேண்டும். இந்தப் பூசலை எந்த அருங்காட்சியகம் எப்படித் தீர்த்துக்கொண்டது என்று பார்க்கத் தொடங்கினால், மங்கிய அறைகளில் நடப்பது சலிப்பாக இராது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பட்டு, இயற்கைச் சாயமேற்றிய பருத்தி போன்ற எளிதில் பாதிக்கப்படும் பொருள்களின் மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவை. உச்சிவெயிலில் அது ஒரு லட்சம் வரை போகும். சாதாரண அலுவலக மேசையில் சில நூறு இருக்கும். ஒளியால் வரும் கேடு ஒளியின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. எவ்வளவு நேரம் பட்டது என்பதையும் பொறுத்து அது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே, ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், மிக எளிதில் மங்கும் பொருள்களுக்கு ஆண்டொன்றுக்கு 15,000 லக்ஸ்-மணி என்று ஓர் உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், 50 லக்ஸ் ஒளியில் ஓர் உடையைக் காட்டினால் அன்றைய செலவு 400. முப்பத்தெட்டே நாளில் ஓராண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஐந்து மாதக் கண்காட்சி ஒன்றில் நிற்கும் பட்டு அங்கி நான்கு ஆண்டுகளின் பங்கைச் செலவழித்துவிட்டுக் கிடங்குக்குத் திரும்புகிறது. அதே அங்கியைத் திறந்த சன்னலோரம் ஒரே ஒரு மணி நேரம் நேர்வெயிலில் நிறுத்தினால் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளின் பங்கு போய்விடும். நீங்கள் தேடி வந்த உடை ஏன் இல்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை: அது ஓய்வில் இருக்கிறது. மங்கிய சாயம் திரும்ப வராது என்பதால், இதில் சலுகைக்கும் இடமில்லை.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் கட்டப்பட்ட ஒரு மாளிகையின் கதை பாரிஸில் உள்ளது. ஜெனோவாவில் பிறந்த கல்லியேரா கோமகள் தம் ஓவியங்களையும் சிற்பங்களையும் காட்சிக்கு வைப்பதற்காகவே, கட்டடக் கலைஞர் லியோன் ஜினானைக் கொண்டு 1878இல் ஒரு மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வெளியே மறுமலர்ச்சிக் காலத்துச் சாயலில் கல் முகப்பு. அதற்குள்ளே ஈஃபில் கோபுரத்தைக் கட்டிய ஈஃபிலின் பட்டறையில் உருவான இரும்புச் சட்டகம். கோமகள் 1888இல் இறந்தார். கட்டடம் முடிந்தது 1894இல். இதற்கிடையில் பிரெஞ்சு அரசியலால் மனம் கசந்த அவர் சேகரிப்பைத் தம் பிறந்த ஊருக்கே கொடுத்துவிட, பாரிஸ் நகரத்தின் கையில் மிஞ்சியது கலைப்பொருள் இல்லாத கலைக்கூடம். முகப்பில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகிய மூன்றையும் குறிக்கும் சிலைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஆடையைக் குறிக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது, ஏனெனில் 1977 முதல் இது பாரிஸ் நகரத்தின் ஆடை அருங்காட்சியகம்.

ஏறக்குறைய இரண்டு லட்சம் பொருள்களைக் கொண்ட அந்தச் சேகரிப்பு நெடுங்காலம் நிரந்தரக் காட்சி எதுவும் இல்லாமலே இருந்தது. தற்காலிகக் கண்காட்சிகள் நடக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை கதவு மூடிக்கிடக்கும். பெயர்பெற்ற ஓர் அருங்காட்சியகம் ஆண்டில் பல வாரங்கள் பூட்டிக்கிடப்பதைக் கண்டு பயணிகள் முகம் சுளித்தது இயல்பே. 2020இல் கிடைத்த தீர்வு கட்டடத்தின் அடியிலிருந்து வந்தது. கல்வளைவுகளோடு கூடிய நிலவறைகளைச் சீரமைத்து, ஆடை வடிவமைப்பாளர் கேப்ரியல் ஷனெலின் பெயரில் புதிய காட்சிக்கூடங்களாகத் திறந்தார்கள். சேகரிப்பிலுள்ள உடைகளை முறைவைத்து மாற்றி மாற்றிக் காட்ட அங்கே இடம் கிடைத்தது. மேல்தளத்தின் அலங்காரமெல்லாம் சலவைக்கல்லுக்கும் எண்ணெய் ஓவியத்துக்கும் ஏற்றது. துணிக்கு ஏற்ற இடமோ, கட்டியவர் ஒரு பொருட்டாகவே நினைத்திராத அடித்தளமாக இருந்தது.

லிஸ்பன் நகரத்தின் கதை இதைவிடச் சுவையானது. சற்றே கசப்பும் கலந்தது. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வந்த நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த கடல்கொந்தளிப்பும் தீயும் நகரத்தின் தாழ்வான மையப்பகுதியை அழித்தன. அரசரின் அமைச்சர் பொம்பல் பிரபுவின் ஆணையில் அப்பகுதி நேர்கோட்டுத் தெருக்களாகவும் ஒரே அளவிலான கட்டடத் தொகுதிகளாகவும் மீண்டும் எழுந்தது. சுவர்களுக்குள்ளே குறுக்குச்சட்டங்கள் கொண்ட ஒரு மரக்கூண்டை வைத்து, கல்லும் செங்கல்லும் சரிந்தாலும் கூண்டு நிற்கும்படி அமைத்தார்கள். மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுக்கவைத்து, அந்த அதிர்வில் கூண்டைச் சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்தத் தெருக்களில் முதன்மையான ருவா அகஸ்டாவில், ஆற்றங்கரைச் சதுக்கத்தின் பெரிய வளைவுக்கு அருகே, ஒரு தொகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது போர்ச்சுகலின் வடிவமைப்பு, ஆடை அருங்காட்சியகம். அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் 'மூடெ' என்ற சொல்லுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் 'மாற்று' என்று பொருள். கட்டடத்தின் வரலாற்றைப் பார்த்தால், அந்தக் கட்டளைக்கு அது பலமுறை கீழ்ப்படிந்திருக்கிறது.

இது 1864இல் தொடங்கப்பட்ட பாங்கோ நேஷனல் அல்ட்ராமரினோ என்ற வங்கியின் தலைமையகமாக இருந்த கட்டடம். 'அல்ட்ராமரினோ' என்றால் கடல்கடந்தது. போர்ச்சுகலின் குடியேற்ற நாடுகளுக்குப் பணத்தாள் அச்சிட்டு வெளியிட்ட வங்கி இது. சீனக் கரையில் போர்ச்சுகல் ஆண்ட மக்காவ் நகரின் பணத்தாள்களில் இதன் பெயரை இன்றும் பார்க்கலாம். கோவாவின் தலைநகரான பங்ஜிமில் 1868 முதல் இதற்குக் கிளை இருந்தது. போர்ச்சுகீசிய இந்தியாவின் ரூபாய்த் தாள்களும் இதன் பெயரிலேயே வந்தன. 1961 டிசம்பரில் இந்தியப் படைகள் கோவாவுக்குள் நுழைவதற்கு முன்பே, அந்தக் கிளையில் கோவா மக்கள் அடகுவைத்திருந்த தங்க நகைகளை வங்கி லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1991இல்தான் அவை இந்தியாவுக்குத் திரும்பின. வங்கிக் கடனுக்கு ஈடாகக் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழற்றிக் கொடுத்த நகைகள் ஒரு தலைமுறைக்காலம் அந்நிய நாட்டில் கிடந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே வங்கியின் தலைமையகத்தில் இன்று மனிதர் உடுத்துவதையும் அணிவதையும் காட்சியாகப் பார்ப்பது இந்திய வாசகருக்கு வேறொரு பொருள் தரும். அருங்காட்சியகத்தின் வரலாற்றுக் குறிப்புகளில் இத்தகைய செய்திக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பது விவாதத்துக்குரியது. நிறைய இடம் தர வேண்டும் என்பதே என் கருத்து.

வங்கி வளர வளர, தொகுதியிலிருந்த பழைய வீடுகளை ஒவ்வொன்றாகத் தன்னுள் இழுத்துக்கொண்டது. 1950களிலும் 60களிலும் கட்டடக் கலைஞர் கிறிஸ்டினோ த சில்வா உட்புறத்தை முற்றிலும் மாற்றியமைத்தார்: கான்கிரீட் தூண்கள், பளபளக்கும் கல், வாடிக்கையாளரை அச்சுறுத்தும் அளவுக்கு நீண்ட சலவைக்கல் முகப்பு மேசை. 2001இல் வங்கி அரசுத்துறை வங்கி ஒன்றுடன் இணைக்கப்பட்டது. அதன்பின் கட்டடத்தின் உட்புறத்தை இடிக்கத் தொடங்கிய வேலை, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அதிகாரிகளின் தலையீட்டால் பாதியில் நின்றது. தோலுரித்ததுபோல் பூச்சும் மரப்பலகையும் நீங்கிய கான்கிரீட் எலும்புக்கூடும், எப்படியோ தப்பிய முகப்பு மேசையும், நிலவறையிலிருந்த லாக்கர்களுமே எஞ்சின.

அந்தக் கோலத்திலேயே 2009 மே மாதம் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள் என்பதுதான் வியப்பு. சுவரைப் பூசவில்லை, கூரையை மறைக்கவில்லை. பிரான்சிஸ்கோ கப்பேலோ என்ற சேகரிப்பாளரிடமிருந்து நகராட்சி 2002இல் வாங்கிய தொகுப்பு அங்கே வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நாற்காலிகளும் விளக்குகளும் பாரிஸ் ஆடையகங்களின் உயர்தர உடைகளும் அதில் அடக்கம். அதன் வடிவமைப்புப் பொருள்கள் 1999 முதல் 2006 வரை பெலெம் பகுதியிலுள்ள ஒரு பண்பாட்டு மையத்தில் காட்சிக்கு இருந்தவை. கீறல் விழுந்த கான்கிரீட் தூணுக்குப் பக்கத்தில் நூறு மணி நேரக் கைத்தையல் கொண்ட ஓர் அங்கி நிற்கும்போது, இரண்டில் எது நொய்மையானது என்ற கேள்வி தானாகவே எழும். பணமின்மையால் நேர்ந்த அந்த ஏற்பாடு, பணம் கொட்டிச் செய்த பல காட்சிகளைவிடத் தெளிவாகப் பேசியது என்றே கருதுகிறேன். ஆனால் அப்படியே நெடுங்காலம் விட்டுவைக்க முடியாது. வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தாத கட்டடத்தில் துணியை வைத்திருப்பது, கூரை ஒழுகும் வீட்டில் நெல்லைக் குவித்துவைப்பதற்குச் சமம். 2016இல் மூடப்பட்ட அருங்காட்சியகம் முழுமையான சீரமைப்புக்குப் பின் 2024 ஜூலையில்தான் மீண்டும் திறந்தது.

அந்த எட்டாண்டுக் காத்திருப்பு வெறும் நிர்வாகத் தாமதமாகத் தோன்றலாம். பழைய கட்டடத்தில் துணியைக் குடியேற்றுவதன் பொறியியல் சிக்கலைத் தெரிந்துகொண்டால் அதைப் பார்க்கும் பார்வை மாறும். ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை வரும். குறைந்தால் பட்டும் தோலும் விறைத்து முறியும். ஏறி ஏறி இறங்கினால் இழை உப்பிச் சுருங்கித் தளரும். ஆகவே, நெடுங்காலமாக ஈரப்பதம் 50 விழுக்காட்டையொட்டியே இருக்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினார்கள். ஆனால் குளிர்நாடுகளில், கெட்டிக் கற்சுவர் கொண்ட பழைய கட்டடத்துக்குள் குளிர்காலத்தில் ஈரத்தைச் செயற்கையாக ஏற்றினால், அந்த ஈரம் குளிர்ந்த சுவருக்குள் புகுந்து நீராகப் படிந்து, சுண்ணாம்பையும் மரத்தையும் அரிக்கும். துணியைக் காப்பாற்றப் போய்க் கட்டடத்தைக் கெடுத்த கதையாகிவிடும். அண்மைக்காலத்தில் பெரிய அருங்காட்சியகங்கள் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 டிகிரி வெப்பம் என்று அளவைத் தளர்த்திக்கொண்டதற்கு மின்செலவும் சுற்றுச்சூழல் அக்கறையும் முதன்மைக் காரணங்கள்; பழைய கட்டடங்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது.

இதனால்தான் பாரம்பரியக் கட்டடங்களில் நீங்கள் பார்க்கும் கண்ணாடிப் பேழைகள் அத்தனை தடிமனாக, சுவரைத் தொடாமல், தம் காலில் தாமே நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட சுவரில் ஆணி அடிக்க முடியாது, தரையைத் தோண்ட முடியாது, கூரைச் சித்திரத்தின் ஊடே காற்றுக்குழாயைக் கொண்டுபோக முடியாது. ஆகவே அறைக்குள் இன்னோர் அறையைக் கட்டுகிறார்கள். பேழையின் அடித்தட்டில் பார்வைக்குத் தெரியாமல் சிலிக்கா ஜெல் நிரப்பிய தட்டுகள் இருக்கும். அறையின் காற்று மாறினாலும் பேழைக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தை அவை பெரிதும் மாறாமல் வைத்திருக்கும். கட்டடத்தோடு சண்டையிடாமல் ஒதுங்கி வாழும் வழி இது.

அந்துப்பூச்சி இந்தச் சட்டதிட்டம் எதையும் மதிப்பதில்லை. அதன் புழு கம்பளி, பட்டு, இறகு, மென்மயிர் ஆகியவற்றைத் தின்று வளர்வது. பழைய கட்டடத்தின் புகைபோக்கியிலுள்ள பறவைக்கூடும், தரைப்பலகைகளின் இடுக்கில் நூறாண்டாகச் சேர்ந்த தூசும் அதற்குப் பிறந்தகம். அறையின் மூலையில் தரையோடு தரையாகச் சிறிய அட்டைக்கூடு ஒன்று தென்பட்டால் அது குப்பையன்று. ஆண்பூச்சியைக் கவரும் மணப்பொருள் தடவிய ஒட்டுப்பொறி. புதிதாக வரும் துணியை நெகிழித்தாளில் சுற்றி, சுழியத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிரில் மூன்று நாள் வைத்து எடுத்த பின்னரே கிடங்குக்குள் அனுமதிப்பது வழக்கம்.

கோபன்ஹேகனில் கட்டடத்துக்கும் பொருளுக்குமான உறவு வேறு வகையில் அமைந்தது. டென்மார்க்கின் வடிவமைப்பு அருங்காட்சியகம் குடியிருப்பது ஐந்தாம் பிரெடெரிக் மன்னர் காலத்தில், 1757இல் ஏழை நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட மருத்துவமனையில். தத்துவ அறிஞர் கீர்க்ககார்ட் 1855இல் உயிர்நீத்தது இங்கேதான். 1910வரை மருத்துவமனையாக இருந்ததை, மரச்சாமான் வடிவமைப்பாளர் கோரே கிளிண்டும் அவருடைய சகாவும் அருங்காட்சியகமாக மாற்ற, 1926இல் சேகரிப்பு உள்ளே வந்தது. சன்னல் வரிசைகளோடு கூடிய நீண்ட கூடங்களை அவர்கள் பெரிதாக மாற்றவில்லை. நோயாளிக்குக் காற்றும் ஒளியும் தந்த அந்த அளவும் ஒழுங்கும் நாற்காலிக்கும் பீங்கானுக்கும் அப்படியே பொருந்தின. வெளிச்சம் துணிக்கு நஞ்சு; பீங்கானுக்கும் உலோகத்துக்கும் அதனால் கேடில்லை. பொருளுக்கேற்ற கட்டடம் வாய்ப்பது அரிது. இங்கே அது வாய்த்தது. துணிகளுக்கான கூடங்களை மட்டும் தனியே மறைத்து மங்கவைத்தால் போதும்.

இந்த மருத்துவமனையிலிருந்து சிறிது தூரத்தில், அரண்மனைச் சதுக்கத்தின் நடுவே, அதே பிரெடெரிக் மன்னர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை உள்ளது. அதற்குப் பணம் கொடுத்தது டேனிய ஆசியக் கம்பெனி. 1732 முதல் 1777வரை தரங்கம்பாடியை நடத்திய அதே கம்பெனி. சோழமண்டலக் கரையின் பருத்தித்துணி ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆடைகளை வைத்திருக்கும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில், பூவும் கொடியும் தீட்டிய பருத்திப் பாவாடைகளையும் வீட்டு அங்கிகளையும் பார்க்கும்போது, அவற்றில் பல நம் கரையில் கையால் தீட்டிச் சாயமேற்றிய சீட்டித்துணி என்பதை விளக்கப்பலகையின் கடைசி வரியில்தான் சொல்லியிருப்பார்கள். தன் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759வரை அந்தத் துணியை இறக்குமதி செய்யவும் உடுத்தவும் தடைவிதித்திருந்தது. தடை இருந்தும் உடுத்தினார்கள். அதனால்தான் இன்று பார்க்கக் கிடைக்கிறது.

சீட்டித்துணி ஒளியின் வேலையைப் படிப்பதற்கும் நல்ல பாடநூல். சாயவேரும் படிகாரமும் சேர்ந்து தந்த சிவப்பு முந்நூறு ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் நிற்கும். அவுரியின் நீலமும் நிற்கும். பச்சைக்கு மட்டும் அக்காலத்தில் தனிச்சாயம் இல்லாததால், நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டிப் பச்சையாக்கினார்கள். ஒளியில் முதலில் ஓடிப்போவது அந்த மஞ்சள். ஆகவே பழைய சீட்டியில் இலைகளெல்லாம் நீலமாகத் தெரியும். தீட்டியவன் நீல இலை வரையவில்லை. நமக்கு மிஞ்சியது நீலம். கறுப்புக் கோடுகள் இருந்த இடத்தில் சில வேளை மெல்லிய பிளவுகள் தெரியும். வெல்லத்தோடு ஊறிய இரும்பின் கரைசலும் கடுக்காயும் சேர்ந்து உண்டான அந்தக் கறுப்பு, வண்ணமாக நிலைத்தாலும் தான் படிந்த இழையை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

பட்டுக்கும் இப்படி ஒரு உட்பகை உண்டு. பட்டு நூலிலுள்ள பசையை நீக்கினால் எடையில் ஏறக்குறையக் கால்பங்கு போய்விடும். எடைக்கணக்கில் விற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர்கள் அந்த நட்டத்தை ஈடுகட்ட வெள்ளீயம் போன்ற உலோகங்களின் உப்பில் பட்டை ஊறவைத்தார்கள். துணி கனமாக, சரசரவென்று, விலையுயர்ந்ததாகத் தோன்றியது. இன்று அந்த அங்கிகள் தொடாமலே நேர்கோடுகளாகக் கிழிகின்றன. ஒரு காட்சியில் கவுன் ஒன்று நிற்காமல் சாய்தளத்தில் படுத்திருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்: தன் எடையைத் தானே தாங்கும் வலு அதற்கு இல்லை.

நிற்கும் உடைகளுக்குள்ளே இருக்கும் உருவப்பொம்மையும் கவனத்துக்குரியது. கடையில் பொம்மைக்கேற்ற உடையைத் தேர்ந்து மாட்டுவார்கள். அருங்காட்சியகத்தில் உடைக்கேற்பப் பொம்மையைச் செதுக்குவார்கள். இறுக்குக் கச்சை அணிந்து வளர்ந்த உடலுக்குத் தைத்த சட்டை இன்றைய அளவுப் பொம்மையில் ஏறாது. ஊசி குத்தியோ இழுத்தோ ஏற்றவும் கூடாது. பாலிஎத்திலீன் நுரையில் உடல்வடிவை வெட்டி, பஞ்சும் துணியும் சுற்றி, தோளிலும் இடுப்பிலும் எடை சமமாக இறங்கும்படி அமைப்பதற்கு ஓர் உடைக்கு ஒரு நாள்கூட ஆகலாம். உயிருள்ள உடலில் போட்டுக்காட்டுவது முற்றாக விலக்கப்பட்டது. 1962இல் மர்லின் மன்றோ அணிந்த அங்கியை 2022இல் ஒரு விழாவில் வேறொருவர் அணிந்து வந்தபோது, அருங்காட்சியகங்களின் சர்வதேசக் கழகத்தைச் சேர்ந்த ஆடைக் குழுவினர் அதைக் கண்டித்து அறிக்கை விட்டதன் பின்னணி இதுதான்.

நவீன வடிவமைப்புப் பகுதிக்கு வந்ததும் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்தது என்று பார்வையாளர் நினைப்பார். உண்மையில் அருங்காட்சியகப் பாதுகாவலரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் பகுதிதான். பிளாஸ்டிக் அழியாது என்பது குப்பைமேட்டில் உண்மை, காட்சிப்பேழையில் பொய். பாலியூரித்தேன் நுரை சில பத்தாண்டுகளில் பொடிந்து உதிரும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உடையிலிருந்து மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். டேனிய வடிவமைப்பாளர் வெர்னர் பான்டன் வடிவமைத்து 1967இல் வெளிவந்த, ஒரே வார்ப்பிலான வளைந்த நாற்காலியை லிஸ்பன் போன்ற இடங்களில் பார்க்கும்போது அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிப்பைப் படியுங்கள். முதலில் கண்ணாடியிழை, அடுத்து கெட்டி நுரை, பின்னர் வேறொரு பிளாஸ்டிக், 1999இல் பாலிபுரொப்பிலீன் என்று உடல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இடையில் 1979இல் பொருளின் தரக்குறைவால் உற்பத்தியே நின்றது. வடிவம் ஒன்றாக இருக்க, அதைத் தாங்கும் பொருள்தான் ஒவ்வொரு முறையும் தோற்றது. நானூறு ஆண்டுப் பழைமையான கைத்தறிப் பருத்தி, ஐம்பது ஆண்டுப் பிளாஸ்டிக் உடையைவிட நல்ல நிலையில் இருப்பது இத்துறையில் அன்றாடக் காட்சி.

துணியின் பக்கம் முழுமையாகச் சாய்ந்த ஓர் அருங்காட்சியகம் அகமதாபாத்தில் உள்ளது. 1949இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகம் 1983 முதல் சாராபாய் குடும்பத்தின் தோட்ட மாளிகையில் இயங்குகிறது. ஹவேலி எனப்படும் பழைய மாளிகை வீடுகளின் செதுக்குமர முகப்புகளும் அதன் கட்டடத்தில் சேர்ந்திருக்கின்றன. முன்பதிவு செய்த சிறு குழுவை மட்டுமே, வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில் உள்ளே விடுவார்கள், படமெடுக்க அனுமதியில்லை. இந்தக் கண்டிப்பைக் குறைகூறுவோர் பலர். பார்வையாளருக்கு நெகிழ்வு தேவை என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் ஆள் குறைந்தால் தூசும் ஈரமும் குறையும். ஆள் வரும்போது மட்டும் விளக்கேற்றினால் லக்ஸ்-மணி மிஞ்சும் என்ற கணக்கை மறுப்பதற்கில்லை.

இத்தகைய இடத்துக்குப் போகிறவர் சிலவற்றைக் கவனித்தால் வீண் ஏமாற்றம் குறையும். எந்தக் கண்காட்சி எந்த நாள்வரை என்பதைப் பார்த்துவிட்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பாரிஸைப்போல் இரண்டு காட்சிகளுக்கு இடையில் போய் வெறுங்கட்டடத்தைப் பார்க்க நேரலாம். வெயிலிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். ஆகவே முதல் பத்து நிமிடத்தைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம். படிக்கட்டு, கைப்பிடி, மூடிய சன்னலின் பின்புறம், லிஸ்பனாயின் முகப்பு மேசையில் பல்லாயிரம் முழங்கைகள் தேய்த்த கல்விளிம்பு என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தால், துணியறைக்கு வந்து சேர்வதற்குள் கண் தயாராகியிருக்கும்.

துணியறையில், உடையின் முகப்பைப் பார்த்த பிறகு அதன் ஓரத்தைத் தேடுங்கள். சில அருங்காட்சியகங்கள் ஓர் உடையின் உட்புறத்தைப் படமெடுத்துப் பக்கத்தில் வைப்பதுண்டு. தைத்தவர் உள்ளே மடித்துவிட்ட துணி தையலுக்குள் ஒளிந்து, அணிந்தபோதும் அதன்பிறகும் வெளிச்சத்தைப் பார்க்காமலே இருந்திருக்கும். வெளியே சாம்பல்படர்ந்த இளஞ்சிவப்பாகத் தெரியும் ஓர் அங்கியின் மடிப்புக்குள், விரற்கடை அகலத்துக்கு, அது சாயத்தொட்டியிலிருந்து எழுந்த நாளின் குங்குமச்சிவப்பு அப்படியே இருக்கும்.